டெசல் தீவில் ஃபாட்பைக் ஓடப் போகும் பிள்ளைகளுக்கு

கோடை தொடங்கினால் நெதர்லாந்தில் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் பலர் டென் ஹெல்டரில் கப்பல் ஏறி டெசல் தீவுக்குப் போகிறார்கள். எழுத்தில் டெக்சல் என்று இருக்கும், அங்குள்ளவர்கள் சொல்வது டெசல். அங்கே இப்போது அகல ரயர் போட்ட மின்சைக்கிளும் வாடகைக்குக் கிடைக்கிறது. அதைத்தான் ஃபாட்பைக் என்கிறோம். எனக்கு மிகவும் பிடித்த தீவு அது. சைக்கிளில் பார்க்க அதைவிட நல்ல தீவு இந்த நாட்டில் இல்லை என்பது என் எண்ணம். முதல்முறை போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

1. இந்த வண்டி உங்களுக்குத் தேவைதானா என்று முதலில் யோசியுங்கள். ஃபாட்பைக்கின் சில்லு பெரும்பாலும் 20 அங்குலம், ரயரின் அகலம் 4 அங்குலம். சீற் நீளமாகவும் பதிவாகவும் இருக்கும். உயரமானவர் இருந்து உழக்கினால் கால் ஒருபோதும் முழுதாக நீளாது, பல மொடல்களில் சீற்றை உயர்த்தவும் முடியாது. நாள் முழுக்கத் தார்ப்பாதையில்தான் ஓடப் போகிறீர்கள் என்றால் சாதாரண மின்சைக்கிளை எடுங்கள். நாரிக்கும் முழங்காலுக்கும் அதுதான் நல்லது. சிப்பி நொறுக்கிப் போட்ட பாதையும் மணல் ஏறிக் கிடக்கும் வளைவும் உங்கள் வழியில் இருந்தால் மட்டும் அகல ரயருக்குக் காசு கொடுங்கள்.

2. பற்றரியைப் பார்க்க முதல் காற்றைப் பாருங்கள். நான் சொல்வதில் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். டெசல் தெற்கு வடக்காக ஏறக்குறைய 24 கிலோமீற்றர் நீளம். கப்பல் வந்து நிற்பது தென்முனையில். எல்லோரும் பார்க்க ஆசைப்படும் சிவப்பு வெளிச்சவீடு வடமுனையில். அந்தக் கடலில் ஆண்டின் பெரும்பகுதி வீசுவது தென்மேற்குக் காற்று. அதனால் காலையில் காற்று முதுகில் இருக்கும். மோட்டர் உதவுகிறதா இல்லையா என்றே தெரியாமல் வெளிச்சவீட்டடிக்கு வந்துவிடுவீர்கள். பற்றரியும் நிறைய மிஞ்சியிருப்பதாகக் காட்டும். திரும்பும்போதுதான் கணக்கு மாறும். மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் மோட்டர் உதவாது, ஆகையால் காற்றோடு போகும்போது அது பாதி நேரம் சும்மா இருந்திருக்கும். எதிர்க்காற்றில் வேகம் 25ஐத் தொடாது, அதனால் மோட்டர் ஒரு நிமிடமும் ஓயாது. போன தூரமும் வந்த தூரமும் ஒன்றாக இருந்தும் செலவு இரண்டு மடங்காகலாம்.

இதற்கு வழி இருக்கிறது. தென்மேற்குக் காற்று நாளில் ஊடெஸ்கில்ட், ஓஸ்டரென்ட் வழியாகக் கிழக்குக் கரைப் பக்கம் வடக்கே போங்கள். அந்தப் பக்கம் வெறும் வெளி, காற்று தடையில்லாமல் தள்ளிவிடும். திரும்பி வரும்போது மேற்குப் பக்கம் எடுங்கள். டெ கோக் ஊரைத் தாண்டித் தெற்கே வந்தால் டெ டெனன் என்ற பைன் காடு இருக்கிறது. மரங்கள் காற்றை மறிக்கும், பற்றரிக்கும் உங்களுக்கும் மூச்சு வரும். தொலைபேசியில் காற்றின் திசை பார்க்க மறந்தால் வயல்களில் நிற்கும் பழைய ஆட்டுக்கொட்டில்களைப் பாருங்கள். பாதி வீட்டை வெட்டிவிட்டதுபோல ஒரு பக்கம் செங்குத்துச் சுவர், மறுபக்கம் நிலம் வரை சரியும் கூரை. கூரை சரிவது தென்மேற்குப் பக்கம். அன்றைய காற்று எப்படியோ, வழமையான காற்று எங்கிருந்து வரும் என்பது அந்தக் கூரையில் இருக்கிறது.

3. பற்றரியின் கொள்ளளவைக் கடைக்காரரிடம் எண்ணாகக் கேளுங்கள். வோல்ற்றையும் அம்பியர்-மணியையும் பெருக்கினால் வாற்-மணி வரும். 48 வோல்ற், 15 அம்பியர்-மணி என்றால் 720 வாற்-மணி. சமதரையான நல்ல பாதையில் அகல ரயர் வண்டி கிலோமீற்றருக்கு 10 முதல் 15 வாற்-மணி வரை தின்னும். மணலிலும் எதிர்க்காற்றிலும் அது இரட்டிக்கும். விளம்பரப் பலகையில் இருக்கும் தூரம் எடை குறைந்த ஒருவர் காற்றில்லாத நாளில் ஓடிய தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பற்றரி மூன்றில் ஒரு பங்கு குறைந்ததும் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். பாதி வழியைத் தாண்டவில்லை என்றால் அங்கேயே திரும்புங்கள். இந்த வண்டிகள் 30 கிலோ வரை பாரம், சிலது அதற்கும் மேல். பற்றரி செத்தபின் எதிர்க்காற்றில் அதை உழக்குவது பெரிய தண்டனை.

4. ரயரில் எவ்வளவு காற்று என்பதுதான் இந்த வண்டியின் முழு ரகசியம். ரயர் அகலமாக இருப்பதால் மட்டும் மணலில் ஓடாது. காற்றைக் குறைத்தால்தான் அது தட்டையாகி, மணலின்மேல் பரந்து, புதையாமல் ஓடும். தார்ப்பாதைக்கு 20 இறாத்தல் (psi) அளவில் வைக்கலாம். மென்மணலுக்கு 10, இன்னும் குறைய 8 வரை. ரயரின் பக்கச்சுவரில் அதிகபட்சமும், சிலவற்றில் குறைந்தபட்சமும் பொறித்திருக்கும், அந்த எல்லையைத் தாண்டாதீர்கள். பெருவிரலால் அழுத்திப் பாருங்கள்: கல்லாக இருந்தால் மணலுக்கு உதவாது, விரல் நன்றாக அமிழ வேண்டும். ஆனால் குறைத்த காற்றோடு தார்ப்பாதையில் நெடுந்தூரம் ஓடவும் கூடாது. பற்றரி வீணாகும், ஒரு கல்லில் அடித்தால் ரியூப் விளிம்புக்கிடையில் நசிந்து கிழியும். ஆகவே காற்றளவுமானியும் பம்பும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். கைப்பம்பில் இந்த ரயரை நிரப்பத் தோள் நோகும், இருந்தாலும் காற்றைக் குறைத்துவிட்டு நிரப்ப வழியில்லாமல் நிற்பதைவிட அது மேல்.

5. மணலில் மோட்டரின் உதவியைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். புதியவர்கள் எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வாடகை வண்டிகள் பலவற்றில் இருப்பது மிதி சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் உணரி. நீங்கள் எவ்வளவு பலமாக உழக்குகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. மிதி அரைச் சுற்றுச் சுற்றியதும் மோட்டர் முழுப் பலத்தையும் சட்டென்று கொடுக்கும். பின்சில்லு நின்ற இடத்திலேயே சுழன்று குழி தோண்டும், நீங்கள் சரிவீர்கள். முதலாம் இரண்டாம் நிலையில் வைத்து, கியரை இலகுவாக்கி, விடாமல் ஒரே சீராக உழக்குங்கள். உடம்பைச் சற்றுப் பின்னே வையுங்கள். ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். முன்சில்லு தன்பாட்டில் கொஞ்சம் அலையும், அலையட்டும். திரும்புவதென்றால் அகல வளைந்து திரும்புங்கள். மணலில் முன்பிரேக்கைத் தொடவே வேண்டாம். புதைந்துவிட்டால் மோட்டரோடு போராடாமல் இறங்கி, நடை உதவிப் பொத்தான் இருந்தால் அதை அழுத்திக்கொண்டு பக்கத்தில் நடவுங்கள். மணிக்கு 6 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி தானாக வரும்.

6. கடல் தண்ணீருக்குள் சில்லை இறக்காதீர்கள். படத்துக்காக அலைக்குள் ஓடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையில் வயிறெரிகிறது. உப்புத்தண்ணீர் செயினில் ஒரு இரவு நின்றால் மறுநாள் காலை செம்மஞ்சள் தூளாகத் தெரியும். பின்சில்லின் நடுவில் இருக்கும் மோட்டரின் வயர் நுழையும் துளை, பற்றரியின் செப்பு முனைகள், பிரேக் தட்டு எல்லாம் அதற்குச் சாப்பாடு. பல கடைகளின் ஒப்பந்தத்திலேயே கடற்கரையில் ஓடத் தடை எழுதியிருக்கும், கையெழுத்துக்கு முதல் வாசியுங்கள். எந்தக் கரையில் எந்தப் பருவத்தில் சைக்கிள் இறக்கலாம் என்பதை நுழைவாயில் பலகையில் பாருங்கள். அனுமதி இருந்தால் வற்று நேரத்தில் ஓடுங்கள். அலை விட்டுப்போன ஈரமணல் இறுகிக் கிடக்கும், அதன் மேல்விளிம்பால் ஓடினால் காய்ந்த மணலின் தொல்லை இல்லை. ஆனால் பெருக்கு வரும்போது அந்த இறுகிய பட்டை மறையும். வற்றுக்கும் அடுத்த பெருக்குக்கும் இடையில் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம். வற்றுத் தொடங்கிப் பாதியில் இறங்கி, பெருக்குத் தொடங்கியதும் வெளியேறுங்கள். மேற்குக் கரையில் கிலோமீற்றருக்கொரு கம்பம் நட்டு இலக்கம் போட்டிருப்பார்கள். கரைக்கு இறங்கும் வழிகளின் பெயரே 9ஆம் கம்பம், 17ஆம் கம்பம் என்றுதான். உதவிக்கு அழைக்க நேர்ந்தால் அந்த இலக்கத்தைச் சொன்னால் போதும்.

7. மணற்குன்றுகளில் குறித்த சைக்கிள் பாதையை விட்டு ஒரு அடியும் விலகாதீர்கள். 2002 முதல் அது தேசியப் பூங்கா. அந்த மணலைப் பிடித்து வைத்திருப்பது புல்லின் வேர், அகல ரயர் அதைப் பிடுங்கிவிட்டால் காற்று மிச்சத்தைக் கொண்டுபோகும். வசந்தத்தில் நிலத்தில் முட்டையிடும் பறவைகள் எங்கும் இருக்கும். எங்கள் ஊர்க் குளங்களில் பார்க்கும் கரண்டிவாயனும் இங்கே கூடு கட்டுகிறது. நீளமயிர் மாடுகள் பாதையில் நின்றால் மணியடித்து விரட்டாமல் இறங்கி நின்று வழிவிடுங்கள். ஸ்லுஃப்டரைக் கட்டாயம் பாருங்கள்: குன்றுகளின் இடைவெளியால் கடல் உள்ளே வந்துபோகும் சதுப்பு, ஆடியில் ஊதாப்பூ நிறைந்திருக்கும். சைக்கிளை மேலே பூட்டிவிட்டு நடந்து இறங்குங்கள்.

8. வேகத்தை உயர்த்திய வண்டியைத் தொடாதீர்கள். சட்டப்படி மோட்டர் 250 வாற், உதவி 25 கிலோமீற்றர் வரை, அதுவும் உழக்கினால் மட்டும். உழக்காமல் கைப்பிடியைத் திருகியே அந்த வேகத்தில் ஓடினால் அது சைக்கிள் அல்ல, மொபெட். இலக்கத்தகடும் காப்புறுதியும் இல்லாத மொபெட்டில் யாரையாவது இடித்தால் இழப்பு முழுவதும் உங்கள் தலையில். பொலிஸ் உருளைக் கருவியில் ஏற்றி வேகம் அளக்கிறது. கடைக்காரர் சிரித்துக்கொண்டு இது நல்லாப் பறக்கும் என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

9. இலங்கை, இந்தியா, இங்கிலாந்திலிருந்து வந்த உறவுகளைக் கூட்டிப்போனால் வலப்பக்கம் ஓட வேண்டும் என்பதை ஒவ்வொரு சந்தியிலும் சொல்லுங்கள். நிலத்தில் வெள்ளை முக்கோணங்கள் உங்களை நோக்கிக் கூர்காட்டினால் நீங்கள்தான் வழிவிட வேண்டும். முதியவர்களும் சிறுபிள்ளைகளும் ஓடும் பாதை அது. பின்னால் சத்தமில்லாமல் வரும் 30 கிலோ இரும்பு அவர்களைத் திடுக்கிடச் செய்யும். தூரத்திலேயே ஒருமுறை மணியடித்து, வேகம் குறைத்துக் கடந்துபோங்கள்.

10. ஊடெஸ்கில்டில் கட்டாயம் இறங்குங்கள். 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் ஆசியாவுக்குப் புறப்பட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்கள் இந்தக் கரைக்கு வெளியேதான் நங்கூரமிட்டு, சாதகமான காற்றுக்காகச் சிலவேளை வாரக்கணக்கில் கிடந்தன. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தையும் நாகபட்டினத்தையும் பிடித்தது அந்தக் கம்பனிதான். நெடுந்தீவுக்கு டெல்ஃப்ற், வேலணைக்கு லெய்டன், காரைநகருக்கு அம்ஸ்டர்டாம் என்று தங்கள் ஊர்ப்பெயர்களை இட்டதும் அவர்கள்தான். நெடுங்கடலுக்கு வேண்டிய தண்ணீரைப் பக்கத்திலுள்ள கிணறுகளிலிருந்து பீப்பாய்களில் நிரப்பினார்கள். இரும்புச்சத்து உள்ள தண்ணீர் என்பதால் அது நெடுநாள் கெடாமல் இருந்ததாம். விற்ற காசு டென் பர்க் ஊரின் அநாதை இல்லத்துக்குப் போனது. கிணறுகள் இன்றும் இருக்கின்றன. எங்கள் ஊர்க் கரையில் இறங்கியவர்கள் குடித்த தண்ணீர் இது என்று நினைத்து நிற்கும்போது பாடப்புத்தகத்தில் படித்த ஒல்லாந்தர் காலம் வேறாகத் தெரியும். காப் ஸ்கில் அருங்காட்சியகத்தில், அருகே மூழ்கிய கப்பலிலிருந்து 2014இல் எடுத்த 17ஆம் நூற்றாண்டுப் பட்டுச்சட்டை இருக்கிறது. அதற்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

வடக்கே போனால் வெளிச்சவீட்டைப் படமெடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், உள்ளே ஏறுங்கள். 1864இல் கட்டியது. 1945 ஏப்ரலில் ஜேர்மன் படையில் இருந்த ஜோர்ஜியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெதர்லாந்தில் போர் முடிந்தபின்னும் இங்கே மே 20 வரை சண்டை நடந்தது. அதில் சிதைந்த கோபுரத்தைச் சுற்றிப் பின்னர் புதுச்சுவர் எழுப்பினார்கள். இரண்டு சுவர்களுக்கும் இடையில் ஓரிடத்தில் நடக்கலாம், உள்சுவரில் குண்டு பட்ட காயங்கள் அப்படியே இருக்கின்றன. அந்தச் சிப்பாய்களின் மயானம் ஹோகபெர்க்கில். 15 மீற்றர் உயரம்தான், இருந்தாலும் தீவின் நடுவில் அதுதான் மேடு.

11. வண்டியை எடுக்கும்போதே நாலு பக்கமும் படமெடுங்கள்: கீறல், ரயர், பற்றரி அளவு, கிலோமீற்றர். பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்துப் பாருங்கள், நெம்புகோல் கைப்பிடியைத் தொட்டால் வேறு வண்டி கேளுங்கள். நிறுத்தும் இடமெல்லாம் சில்லுப் பூட்டோடு சங்கிலியும் போட்டு ஒரு கம்பத்தோடு பிணையுங்கள், பற்றரித் திறப்பைச் சட்டைப்பையில் வையுங்கள். திருப்பிக் கொடுக்க முதல் மணலைத் தூரிகையால் தட்டி, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். அழுத்தக் குழாயால் அடித்தால் உப்பு உள்ளே போகும். தவறி உப்புத்தண்ணீர் பட்டிருந்தால் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அன்றைக்கே செயினுக்கு எண்ணெய் போட்டால் வண்டி தப்பும், அடுத்த நாள் அதை எடுப்பவரின் பிரேக்கும் தப்பும். கடைசிக் கப்பலின் நேரத்தைக் காலையிலேயே குறித்து, அதற்கு முந்திய கப்பலுக்கு வருவதாகத் திட்டமிடுங்கள்.