உறவு வலையும் உரிமைக் கிளர்ச்சியும்
(திருத்தணி வடக்கெல்லைப் போராட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு)

முன்னுரை

மக்கள் கிளர்ச்சியில் இறங்குவது எதனால்? கொள்கைப் பற்றினால் என்பதே பலரும் கூறும் விடையாகும். ஆயின், ஒரே கொள்கையுடைய இருவருள் ஒருவர் சிறை செல்ல, மற்றவர் வீட்டிலேயே இருந்துவிடுவது எதனால்? இவ்வினாவிற்குச் சமூகவியலார் கண்ட விடையைத் திருத்தணி மண்ணில் நிகழ்ந்த வடக்கெல்லைப் போராட்டத்தோடு பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறிஞர் கண்ட முடிவு

1964ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்யும் பணிக்கு மாணவர் பலர் விண்ணப்பித்தனர். அது உயிருக்கு ஊறு நேரக்கூடிய பணி. அக்கோடையின் தொடக்கத்திலேயே உரிமைப் பணியாளர் மூவர் கொல்லப்பட்டனர். விண்ணப்பித்தோருள் சிலர் சென்றனர், சிலர் பின்வாங்கினர். டக் மக்காடம் என்னும் சமூகவியல் அறிஞர், சென்ற 720 பேர், செல்லாத 239 பேர் ஆகியோரின் விண்ணப்பங்களை ஒப்பிட்டு ஆராய்ந்து, 1988இல் நூலாக வெளியிட்டார். கொள்கையளவில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடில்லை. சென்றவர்கள் முன்னரே அமைப்புகளில் மிகுதியாகப் பழகியவர்கள். அவர்தம் நெருங்கிய நண்பர்களும் உடன் விண்ணப்பித்திருந்தனர். கொள்கை ஒருவரை வாயில்வரை கொணர்கிறது. வாயிலைக் கடக்க உறவு கை கொடுக்கிறது.

நெருங்கிய உறவு மட்டும் போதுமா? போதாது என்பதை மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையால் உணரலாம். நெருங்கியோர் அறிந்த செய்தியை நாமும் அறிவோம். புதுச் செய்தியும் புது வழியும் சற்றே அறிமுகமானவர் வாயிலாகவே பெரிதும் வருகின்றன என்பது அவர் கருத்து. எனவே, உள்ளூரைப் பிணிக்கும் உறவும், வெளியூரோடு இணைக்கும் உறவும் ஆகிய இரண்டும் ஓர் இயக்கத்திற்கு வேண்டும்.

திருத்தணியில் அமைந்த வலை

சித்தூர் மாவட்டம் 1911இல் உருவாக்கப்பட்டபோது திருத்தணிப் பகுதி அதனுள் அடங்கிற்று. அப்பகுதித் தமிழருக்குத் தாய்மொழிக் கல்வி அரிதாயிற்று. இக்குறையைப் போக்கப் புறப்பட்டவர் குருவராசப்பேட்டையில் வாழ்ந்த தமிழாசிரியர் மங்கலங்கிழார். அவர் தமிழ்ச் சங்கம் அமைத்தார். ஊர்தோறும் சென்று இலக்கணமும் இலக்கியமும் ஊதியம் கருதாது கற்பித்தார். அக்கூட்டங்கள் அரசியலுக்கென்று கூடியவை அல்ல, கற்பதற்கென்று கூடியவை. ஆயினும் ஓர் ஊரார் மற்றோர் ஊராரை அறிந்தது அவற்றினாலேயே. எல்லைச் சிக்கல் எழுந்தபோது, யாரிடம் யார் செல்வது என்பது முன்பே அமைந்திருந்தது.

இது உள்ளூர் உறவு. வெளியுறவாக வாய்த்தவர் சென்னையிலிருந்த ம. பொ. சிவஞானம். 1946இல் தமிழரசுக் கழகத்தை நிறுவிய அவர், மங்கலங்கிழாரின் தொடர்பால் வடக்கெல்லைச் சிக்கலைத் தம் சிக்கலாகவே ஏற்றார். திருத்தணி வழக்கறிஞர் கே. விநாயகம் களத்தில் முன்னின்றார். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணி அதனுள் சென்றது. அதே ஆண்டில் மங்கலங்கிழாரும் மறைந்தார். ஆசிரியர் மறைந்தும் இயக்கம் மறையவில்லை. வலை ஒரு முடிச்சினை மட்டும் நம்பியது அன்று என்பதற்கு இதுவே சான்று.

பின்னர் நடுவராக அமர்ந்த படாஸ்கர், சிற்றூரை அலகாகவும், பெரும்பான்மையோர் மொழியையும் நிலத்தொடர்ச்சியையும் அளவுகோலாகவும் கொண்டு தீர்வு கூறினார். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது.

வலையின் எல்லை

உறவு வலை அனைத்தையும் ஈட்டித் தரும் என்று கொள்ளலாகாது. திருப்பதிக்காகவும் கிளர்ச்சி நடந்தது, அது கிட்டவில்லை. மேலும், அதே நாளில் பொன்னேரி, திருவள்ளூர்ப் பகுதிகளின் சிற்றூர்கள் சில ஆந்திரத்திற்குச் சென்றன. திருத்தணிப் பகுதியில் தெலுங்கு பேசுவோரும் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். கொள்வினை கொடுப்பினையும் சந்தை வாணிகமும் எல்லைக்கு இருபுறமும் நடக்கின்றன. பிரித்துக் கேட்கத் துணைநின்ற உறவு போலவே, பிரிந்தபின் பகை மூளாது காத்த உறவும் ஆய்வுக்குரியதே.

நிறைவுரை

அமெரிக்கக் கறுப்பின மக்களுக்குத் தேவாலயம் எவ்வாறு உரிமைப் போரின் கூடமாயிற்று என்பதை ஆல்டன் மோரிஸ் 1984இல் விளக்கினார். நம் நாட்டில் தமிழ் வகுப்பும், நெசவாளர் தெருவும், பசனைக் கூடமும், பள்ளிவாசல் ஜமாஅத்தும் இத்தகைய கூடங்களே. இவற்றைப் பற்றிய ஆய்வு நம்மிடையே இன்னும் பெருக வேண்டும்.

மக்காடமின் ஆய்வு நிகழ்ந்தது, யாரோ ஒருவர் அவ்விண்ணப்பத் தாள்களைக் குப்பையில் எறியாது காத்ததனால்தான். வடக்கெல்லைக் கிளர்ச்சியைக் கண்ணால் கண்டோர் இன்று எண்பது அகவை கடந்தவர்கள். மாணவர்கள் அவர்களை அணுகி, "ஐயா, தாங்கள் ஏன் சென்றீர்கள்?" என்று மட்டும் கேளாது, "தங்களை அழைத்தவர் யார்? உடன் வந்தவர் யார்?" என்றும் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். பழைய சங்கக் குறிப்பேடும் பரிசுச் சான்றிதழும் கிடைப்பின் படியெடுத்துக் காத்தல் வேண்டும். தலைவர் பெயர்களை வரலாறு காத்துவிடும்; அழைத்தவர், உடன் நடந்தவர் பெயர்களைக் காப்பது நம் கடமையாகும்.