ஒரு சொல்லின் விலை

1980 ஜனவரி. ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், கியூபாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பமொன்றின் 18 வயது மகன் நினைவிழந்த நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டான். உண்டது ஒத்துக்கொள்ளவில்லை என எண்ணிய உடன்வந்தோர் "இன்டொக்சிகாடோ" என்றனர். கியூபர் பேசும் ஸ்பானிய மொழியில், உண்டதோ குடித்ததோ உடலைக் கெடுத்துவிட்டது என்பதே அதன் கருத்து. வைத்தியரின் செவியிலோ அது போதையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாக விழுந்தது. போதைப்பொருளை அளவுமீறி உட்கொண்டவன் எனச் சிகிச்சை நடந்தது. உண்மையில் அவனது மூளையில் இரத்தக் கசிவு. தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. கைகால்கள் நான்கும் செயலிழந்தன. பின்னர் நட்டஈடாக ஏறத்தாழ 7 கோடி 10 இலட்சம் டொலர் பேசப்பட்டது. அது அந்தக் கைகளுக்கு ஈடாகுமா என்பது வேறு கதை.

இதில் கவனிக்க வேண்டியது, உரைபெயர்ப்பாளரை எவருமே கேட்கவில்லை என்பதுதான். வீட்டாருக்கு ஓரளவு ஆங்கிலம் தெரியும். இரு தரப்பினரும் விளங்கிவிட்டதாகவே நினைத்தனர். ஒரு சொல்லும் விளங்காதிருந்தால் ஆளை அழைத்திருப்பார்கள்!

"வந்தவர்கள் ஆங்கிலம் படிக்கட்டுமே" என்போர் அங்கே பலர். படிக்கத்தான் வேண்டும். ஆனால், நோய் அதுவரை காத்திருக்குமா? கடையில் சாமான் வாங்கப் போதுமான ஆங்கிலம், நெஞ்சுவலியை விவரிக்கப் போதாது.

ஆகவே, பல குடும்பங்களில் பாடசாலைப் பிள்ளையே தாய்க்காகப் பேசுகிறது. உம்மாவின் நோய் இன்னதென்று உம்மாவிடமே சொல்லும் பொறுப்பு எம் வயதுச் சிறுமிக்கு! அவசர நிலையிலன்றிச் சிறுவரை இவ்வாறு உரைபெயர்க்க வைக்கலாகாதென 2016 இல் அந்நாட்டு மத்திய அரசின் சுகாதார விதியொன்று கூறியது.