உண்மையான எண்ணைச் சொல்ல இடம் கொடுப்போம்

முதல் வகை நீரிழிவுள்ள சிறுவர்களின் குறிப்பேடுகளைப் பார்க்கும்போது, சில வேளைகளில் ஒரு முரண்பாடு எங்கள் கண்ணில் படும். நாள்தோறும் எழுதிய சர்க்கரை அளவுகள் யாவும் அழகாக இருக்கும். ஏறத்தாழ 3 மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையோ உயர்ந்திருக்கும். குளுக்கோமீட்டர் காட்டிய எண்ணை விட்டுவிட்டு, வீட்டார் விரும்பும் எண்ணைப் பிள்ளை எழுதியிருக்கும். அந்தப் பொய் எண்ணை நம்பினால் தேவையான இன்சுலின் கிடைக்காமல் போகும். உயிருக்கே ஆபத்தான கீட்டோ அமில நிலையும் நேரலாம்.

பிள்ளை ஏன் பொய் எழுதுகிறது? 250 என்று சொன்ன நாளில் திட்டு விழுந்தது. 120 என்று சொன்ன நாளில் வீடு அமைதியாக இருந்தது. அவ்வளவே காரணம். மதிப்பெண் அட்டையை ஒளிப்பதும், தேர்வு நாள் காலையில் வயிற்றுவலி வருவதும் இதே வேரிலிருந்து முளைக்கக்கூடியவை. அந்த வலி நடிப்பன்று. மனப்பதற்றம் குடலின் அசைவையும் உணர்திறனையும் உண்மையாகவே மாற்றுகிறது.

சிறந்ததை விரும்புவது குறையன்று. 'பிழை நேர்ந்தால் எனக்கு மதிப்பில்லை' என்னும் எண்ணமே நோய்க்கு இட்டுச் செல்கிறது. இதனை முழுமைநாட்டம் எனலாம். உளவியலாளர்கள் பால் ஹெவிட், கோர்டன் ஃபிளெட் ஆகியோர் 1991-இல் இதை மூன்றாக வகுத்தனர்: தன்னிடம் முழுமையை எதிர்பார்த்தல், பிறரிடம் எதிர்பார்த்தல், பிறர் தன்னிடம் எதிர்பார்ப்பதாக நம்புதல். மூன்றாவது வகை மனச்சோர்வோடு நெருங்கிய தொடர்புடையது. பெற்றோரிடம் உள்ள இரண்டாவது வகை, பிள்ளையின் மனத்தில் மூன்றாவதாக வேரூன்றக்கூடும்.

வளர்ப்பு முறையும் இதில் பங்கு வகிக்கிறது. அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960-களில் மூன்று முறைகளை விளக்கினார். கேள்வி கேட்கவிடாத கண்டிப்பு ஒன்று. கட்டுப்பாடே இல்லாத செல்லம் மற்றொன்று. அன்போடு காரணம் சொல்லி வரம்பு வகுப்பது மூன்றாவது. பிள்ளைகளின் நலத்துக்குப் பெரும்பாலும் துணை நிற்பது மூன்றாவது முறையே. ஆகவே கண்டிப்பை முற்றிலும் கைவிடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. இன்சுலின் ஊசியைத் தவிர்க்க முடியாது என்பது வரம்பு; அளவு கூடியதற்காகப் பிள்ளையைக் குற்றவாளியாக்குவது தண்டனை.

தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு முதல், 10 மற்றும் 12-ஆம் வகுப்புத் தேர்வு முடிவுகளில் மாநில, மாவட்ட அளவில் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு கைவிட்டது. ஆயினும் வீடுகளில் தரவரிசை தொடர்கிறது. சித்தி மகனையும் அத்தை மகளையும் ஒப்பிடுகிறோம். பொன்னமராவதி வட்டாரத்தில் பல தந்தையர் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கின்றனர். தொலைபேசியில் கிடைக்கும் சில நிமிடங்களில் முதல் கேள்வியே மதிப்பெண் பற்றியதாக இருந்தால், அப்பாவின் உழைப்பு முழுவதையும் தன் மதிப்பெண்ணால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பிள்ளை எண்ணிவிடும். மருத்துவர்களாகிய நாங்களும் இதற்கு விலக்கல்லர். குறிப்பேட்டைப் பார்த்ததும் நாங்கள் முகம் சுளித்தால், அடுத்த முறை பொய் எண்தான் வரும்.

வீட்டில் செய்யக்கூடியவை சில. எண் எதுவானாலும், "உண்மையைச் சொன்னாயே, நல்லது, அடுத்து என்ன செய்யலாம்?" என்று தொடங்குங்கள். முடிவைக் காட்டிலும் முயற்சியைக் குறிப்பிட்டுப் பாராட்டுங்கள். உங்கள் பிழையைப் பிள்ளையின் முன் ஒப்புக்கொள்ளுங்கள். சோறு குழைந்தால் சிரித்துக்கொண்டே பரிமாறும் தாயிடமிருந்தும் பிள்ளை பாடம் கற்கிறது. தேர்வுக் காலத்திலும் உறக்கத்தையும் விளையாட்டையும் பறிக்காதீர்கள்.

எழுதியதைத் திரும்பத் திரும்பக் கிழித்தல், உணவையோ பள்ளியையோ மறுத்தல், தனித்திருத்தல் ஆகியவை தொடர்ந்தால் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். 'நான் இருந்து என்ன பயன்' என்ற பேச்சு எழுந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். பிள்ளையைத் தனியே விடவும் வேண்டாம். டெலி மானஸ் 14416, மாநில உதவி எண் 104 ஆகியவற்றில் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, திருத்தாத குறிப்பேட்டைக் கொண்டு வாருங்கள். அதில் உள்ள உயர்ந்த எண்களைப் பார்த்து நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்குகிறது.