விமானிப் பயிற்சியும் அதன் விலையும்

தமிழிலக்கியத்துள் விமானம் ஓட்டக் கற்ற முதல் மாணாக்கி யாரென வினவுவார்க்குச் சீவக சிந்தாமணி விடை தரும். ஏமாங்கத நாட்டு வேந்தனாகிய சச்சந்தன், தனக்கு வரவிருந்த கேட்டினை எண்ணி, மயில் வடிவாய பொறியொன்றைச் செய்வித்து, அதனை இயக்கும் முறையைத் தன் தேவி விசயைக்குப் பயிற்றுவித்தான். வலப்பக்கம் திருகினால் மேலெழும், இடப்பக்கம் திருகினால் கீழிறங்கும், பாடம் அவ்வளவே. கட்டணம் இல்லை, ஈட்டுப் பத்திரமும் இல்லை. எனினும் அப்பொறி அவளைக் கொண்டுபோய் இறக்கிய இடம் சுடுகாடு; ஆங்கே சீவகன் பிறந்தான். எம் வகுப்பில் இப்பகுதி நடந்த நாளில், ஆசிரியர் உரை விரித்துக் கொண்டிருக்க, யாம் கடைசிப் பலகையில் அமர்ந்து வேறொரு விமானக் கணக்கைப் போட்டுக் கொண்டிருந்தோம் என்பதை இங்கு ஒப்புக்கொள்ளல் தகும். அக்கணக்கையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

யாம் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்துப் பக்கத்தவர். கோமுகி அணையின் நீரும் கரும்புமே எம்மவர் வாழ்வு. மேல்நிலைப் பள்ளியில் எம்முடன் ஒரே பலகையில் அமர்ந்து படித்த நண்பர் ஒருவர், அம்மலைமேல் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள சிற்றூரினர். மலையாளிப் பழங்குடி வகுப்பினர். இருவரும் இயற்பியலும் கணிதமும் எடுத்துத் தேறினோம். பின்னர் யாம் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்தோம். அவர் வேறொரு கல்லூரியில் இயற்பியல் பயில்கின்றார். சென்ற கோடை விடுமுறையில் அவர் ஒரு செய்தியோடு எம் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். விமானக் கம்பெனிகளே விமானிகளைத் தேர்ந்து பயிற்றுவிக்கும் ‘கேடட் பைலட்’ திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்பதே அச்செய்தி. அன்று தொடங்கிய ஆராய்ச்சி இன்னும் எம்மிருவரையும் விட்டபாடில்லை.

விமானம் நம் நாட்டுக்குப் புதிதன்று. இந்தியாவில் வழங்கப்பெற்ற முதல் விமானி உரிமத்தை 1929ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஜே. ஆர். டி. டாடா பெற்றார். 1932 அக்டோபரில் அவர் கராச்சியினின்று பம்பாய்க்குத் தபால் கொண்டு பறக்க, அத்தபால் பெல்லாரி வழியே சென்னையை அடைந்தது. எம் மாவட்டத்து உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஓர் ஓடுதளம் அமைத்தனர். போர் முடிந்தபின் அது கைவிடப்பட்டது. ஓடுதளம் நம்மிடம் வந்தது. பறக்கும் தொழில் வரவில்லை. அதற்குக் காரணம் அறிவுக் குறைவன்று, பணக் குறைவேயாம். டாடா செல்வர் மகனார் என்பதை மறத்தற்கில்லை.

இனிப் பயிற்சியின் இயல்பைக் கூறுவாம். வணிக விமானி உரிமம் வழங்குவது விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். பதினெட்டு வயது நிரம்பியிருத்தல் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் தேறியிருத்தல் வேண்டும் என்பது நெடுநாளைய விதி; கலை, வணிகவியல் மாணாக்கரையும் ஏற்கலாமென்னும் ஆலோசனை 2025இல் எழுந்தது. இவ்விரு பாடங்களும் படியாதார் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வாயிலாக அவற்றை எழுதித் தேறுதல் வழக்கமாயிருந்து வருகின்றது.

உரிமத்துக்கு இருநூறு மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். அதனுள் நூறு மணி நேரம் விமானத்தின் பொறுப்பைத் தானே ஏற்றவராய்ப் பறத்தல் வேண்டும். இடையே இரண்டு வேறு நிலையங்களில் இறங்கி, முந்நூறு கடல்மைலுக்குக் குறையாத நெடும்பயணம் ஒன்று செய்தல் வேண்டும். இரவிற் பறத்தலும், வெளியே நோக்காது கருவிகளை மட்டும் நோக்கிப் பறத்தலும் தனித்தனியே கணக்கிடப்படும். ஏட்டுத் தேர்வுகளும் உள: வான்வழி செலுத்துமுறை, வானிலையியல், வான்வெளிச் சட்டங்கள், விமானப் பொறிநுட்பம் என்பன. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு எழுபது பெறுதல் வேண்டும். வானொலியிற் பேசுதற்குத் தனித் தேர்வும், ஆங்கிலம் பேசுந் திறனுக்கு மற்றொரு தேர்வும் உண்டு. ஆங்கிலத் திறனை ஆறு நிலையாகப் பகுத்து, அவற்றுள் நான்காவது நிலையேனும் எய்தியிருத்தல் வேண்டுமென உலகு முழுதும் விதித்துள்ளனர். தொல்காப்பியத்து எழுத்ததிகாரத்தில் காட்டும் ஊக்கத்தை யாம் ஆங்கில உச்சரிப்பிலும் காட்டியிருக்கலாகாதா என்று இப்போது எண்ணி யாது பயன்!

இவ்வளவும் முடித்தவர் செசுனா போன்ற சிறு விமானத்தைச் செலுத்த வல்லவரே; பயணிகளை ஏற்றிச் செல்லும் பெருவிமானத்துக்கு உரியவரல்லர். அதற்கு ‘டைப் ரேட்டிங்’ எனப்படும் வகைத் தகுதி வேறு பெறவேண்டும். ஏர்பஸ் ஏ320 ஓட்டுவோர்க்கு அவ்விமானத்துக்கெனவே பயிற்சி. விமான அறையைப் போலவே அமைத்த பாவனைப் பொறியில் அது பெரும்பாலும் நடைபெறும். தனியாக உரிமம் மட்டும் பெற்றவர் பலர், இவ்வகைத் தகுதிக்குப் பணமின்றியோ, கம்பெனி அழைப்பின்றியோ ஆண்டுக்கணக்கில் வீட்டிற் காத்திருத்தலும் உண்டு. கேடட் திட்டத்தின் கவர்ச்சி இவ்விடத்தேதான் உளது. கம்பெனியே தேர்வு நடத்தித் தேர்ந்தெடுக்கும்; பயிற்சிப் பள்ளியைக் காட்டும்; வகைத் தகுதியும் சேர்த்துத் தரும்; எல்லாம் குறைவின்றி முடிப்பின் துணை விமானியாக ஏற்போம் என நிபந்தனைக் கடிதமும் கொடுக்கும். இண்டிகோவும் ஏர் இந்தியாவும் இத்தகைய திட்டங்களை நடத்துகின்றன. பயிற்சி ஏறத்தாழ இரண்டாண்டு.

இங்கே ஒரு சொல்லை ஆராய்தல் வேண்டும். ‘கம்பெனி ஆதரவு’ என்ற சொல்லைக் கேட்டவுடன், செலவைக் கம்பெனி ஏற்குமென்றே யாமும் எம் நண்பரும் முதலில் எண்ணினோம். அவ்வாறு ஏற்போர் உலகில் இல்லாமலில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2023இல் அறிவித்த திட்டம் ஒருவருக்கு ஒரு லட்சம் பவுன் வரை செல்லும் பயிற்சிச் செலவைத் தானே தாங்குவது. வேறு சிலர் முன்பணமாகச் செலவிட்டுப் பின்னர் ஊதியத்தினின்றோ, இத்தனை ஆண்டு வேலை விட்டு நீங்கேன் என்னும் உறுதிப் பத்திரத்தினாலோ ஈடு செய்துகொள்வர். நம் நாட்டிலோ பெரும்பாலும் நடப்பது மூன்றாம் வகை: பணம் மாணாக்கனுடையது, தேர்வும் வாக்குறுதியும் கம்பெனியினுடையவை. மொத்தச் செலவு ஒரு கோடி ரூபாயை ஒட்டியும் அதற்கு மேலும் செல்கின்றது. ஆதரவு என்னும் சொல்லை இப்பொருளில் வழங்குதல் முறையா என்பது சொல்லாராய்ச்சி செய்வார்க்கு நல்லதொரு பொருள்.

ஒரு கோடி என்பது எம்மூரில் வாயாற் சொல்லும் எண்ணேயன்றிக் கையால் தொடும் எண்ணன்று. ஆகையால் அதனை மாதக் கணக்காக்கிப் பார்த்தோம். நூற்றுக்குப் பத்து வட்டியில், பதினைந்து ஆண்டுத் தவணையில் ஒரு கோடி கடன் பெற்றால், மாதந்தோறும் செலுத்த வேண்டுவது ஏறக்குறைய ரூ. 1,07,461. நூற்றெண்பது மாதத்தில் செலுத்தி முடிப்பது ஒரு கோடியே 93 லட்சத்துக்கு மேல். பயிலும் இரண்டாண்டின் வட்டி இதிற் சேரவில்லை. இக்கணக்கைத் தாளில் எழுதி எம் தந்தையாரிடம் காட்டினோம். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “தம்பி, இது மாசத்துக்கா, வருஷத்துக்கா?” என்று கேட்டார். மாதத்துக்கு என்றோம். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

வங்கிகளோ ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குப் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கின்றன. எம்மிடம் உள்ளது இரண்டேகால் ஏக்கர் கரும்புக் கொல்லையும், இரு பாகமாகப் பிரியவேண்டிய வீடொன்றும். எமக்குத் தமக்கையார் ஒருவர் உளர். அவர் திருமணமும் அக்கொல்லையை நம்பியே நிற்கின்றது. வெட்டிய கரும்புக்கு ஆலையினின்று பணம் வந்து சேர எத்தனை மாதமாகும் என்பதை உழவர் குடியிற் பிறந்தார்க்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை. எனினும் எமக்குப் பட்டா ஒன்றேனும் உண்டு. எம் நண்பர் நிலைமை வேறு. அவர் குடும்பம் தலைமுறையாகத் தினையும் மரவள்ளியும் விளைத்த மலைநிலத்துக்கு, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி உரிமைச் சான்று பெற்றுள்ளனர். அச்சான்றின்படி நிலம் மக்களுக்கு வழிவழியாகச் செல்லும். ஆனால் விற்றலோ பிறர்க்கு மாற்றலோ கூடாது. வட்டிக்காரர் வாயில் அந்நிலம் விழாதபடி காத்தற்கே சட்டம் இவ்விலக்கினைச் செய்தது, அது நன்றே. ஆயின் அதே விலக்கு வங்கியின் வாயிலையும் அடைத்துவிடுகின்றது. நண்பரின் தந்தையார் அச்சான்றைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுக் கொண்டு ஒரு வங்கிக்கு வந்தாராம். அதிகாரி அதனை உறையினின்று எடுக்காமலே திருப்பித் தந்தாராம். மலையினின்று இறங்கி வந்த பேருந்துக் கூலிதான் செலவு என்று நண்பர் நகைத்துக் கூறினார். எமக்கு நகை வரவில்லை.

வேறு வாயில்கள் முற்றும் இல்லையென்பதற்கில்லை. பட்டியல் வகுப்பினர்க்கும் பழங்குடியினர்க்கும் உரிய மத்திய அரசின் மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை விதிகளில் வணிக விமானி உரிமப் படிப்பும் இடம் பெற்றுள்ளது. பெற்றோர் வருமான வரம்பு அதற்குண்டு. உத்தரப் பிரதேசத்து ஃபுர்சத்கஞ்சில் 1985இல் ஏற்பட்ட இந்திரா காந்தி ராஷ்ட்ரீய உரான் அகாடமி மத்திய அரசின் நிறுவனம். ஆங்கு இட ஒதுக்கீடு உண்டு. செலவும் கம்பெனித் திட்டத்தினும் ஏறத்தாழப் பாதி. ஆனால் வகைத் தகுதியும் வேலையும் பின்னர்த் தாமே தேடிக்கொள்ள வேண்டும். நண்பர் அடிக்கடி எடுத்துச் சொல்லும் எடுத்துக்காட்டு ஒடிசாவின் மல்கான்கிரியைச் சேர்ந்த அனுப்பிரியா லக்ரா என்னும் பழங்குடிப் பெண்மணியாரது. காவல்துறை ஹவில்தாரின் மகளாகிய அவர், பொறியியற் படிப்பை இடையில் விட்டு 2012இல் புவனேசுவரத்தில் விமானப் பயிற்சி தொடங்கி, 2019இல் இண்டிகோவில் துணை விமானியானார். யாம் அவ்வெடுத்துக்காட்டைக் கேட்கும்போதெல்லாம் எண்ணுவது அவ்வேழாண்டையே. அவ்வேழாண்டும் அவர் வீட்டில் எவ்வாறு கழிந்தனவோ!

ஆக்கத்தின் பக்கமும் கூறவேண்டும். 2023 பெப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், அவ்வாண்டு ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆணை கொடுத்தன. விமானம் வந்தால் ஓட்டுவோர் வேண்டும். 2025 டிசம்பரில் விமானிகளின் ஓய்வு நேரம் பற்றிய புது விதிகளுக்கு ஏற்ற ஆள்வசதி செய்யாமையால் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் நின்றதை நாடே கண்டது. ஆள் குறைவென்பது வேலை தேடுவோர்க்கு நற்செய்தி. துணை விமானியாய் நிலைத்தவர் பெறும் ஊதியம் எம் பக்கத்தில் எவ்வுத்தியோகத்தினும் பெரிது. அத்தவணையைக் கட்டிய பின்னும் குடும்பம் தாங்கும்.

ஆயினும் நிபந்தனைக் கடிதம் கம்பெனி உள்ளவரைக்குந்தான் கடிதம். கிங்ஃபிஷர் 2012இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. கோ பர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. 2020 மார்ச்சு மாதக் கடைசியில் பெருந்தொற்றின் பொருட்டு உள்நாட்டு விமானமெல்லாம் இரண்டு மாதம் தரையிலேயே இருந்தன. விமானம் நின்றால் வட்டி நிற்குமோ? அன்றியும், விமானிக்கு ஆண்டுதோறும் வைத்திய பரிசோதனை உண்டு. கண்ணோ காதோ இதயமோ ஒருநாள் தகுதி தவறினால் உரிமம் பெட்டியிற் கிடக்கும். வழக்கறிஞருக்குக் கால் ஒடிந்தாலும் வாதிடலாம். தமிழாசிரியருக்குக் கண் மங்கினாலும் மனப்பாடமாகப் பாடம் சொல்லலாம்.

திருக்குறளில் தெரிந்துசெயல்வகை என்றோர் அதிகாரம் உண்டு. அரசனுக்குச் சொன்ன அது கரும்புக் கொல்லைக்காரனுக்கும் பொருந்துமா என்று எம் ஆசிரியரை வினவினோம். கொல்லையின் அளவு எவ்வளவு என்று அவர் எம்மைத் திருப்பி வினவினார். சொன்னோம். “முதலில் இழந்தாலும் தாங்கக்கூடியதை எண்ணுங்கள், பிறகு மற்றதைப் பார்க்கலாம்” என்றார்.

அதனை யாமும் நண்பரும் எம் அளவில் இவ்வாறு கொண்டோம். இத்தொழிலில் பெருஞ்செலவு கடைசியில் வருகின்றது. முதலில் வருவன சிறியன. இரண்டாம் வகுப்பு வைத்தியச் சான்றும், பின்னர் முதல் வகுப்புச் சான்றும் சில ஆயிரங்களில் முடிவன. ஏட்டுத் தேர்வுப் பாடங்களைச் சேர்க்கைக்கு முன்னரே வீட்டிலிருந்து படிக்கலாம். கம்பெனியின் தேர்வுக் கட்டணமும் மொத்தத்தில் ஒரு சிறு துளியே. இவற்றில் எதில் தவறினாலும் கொல்லை கொல்லையாகவே இருக்கும். எம் பக்கத்து நகரொன்றில் முகவர் ஒருவர் இம்முறையைத் தலைகீழாக்கி, முதலில் முன்பணம் கட்டுங்கள், சான்றெல்லாம் பின்னர் வாங்கித் தருகிறோம் என்றார். வண்ணப் புள்ளிகளுக்கிடையே மறைந்த எண்ணைப் படிக்க மாட்டாதார்க்கு வைத்தியர் மறுத்துவிட்டால் அம்முன்பணம் யாதாகும் என்றோம். அவர் எம்மை அதன்பின் தொலைபேசியில் அழைக்கவில்லை.

ஆகவே வரும் தை மாதத்தில் எம்மிருவர்க்கும் சென்னையில் வைத்திய பரிசோதனைக்கு நாள் குறித்திருக்கின்றோம். எம் செலவை எம் தந்தையார் தந்தார். நண்பரின் செலவுக்கு அவர் தாயார் மலைத்தேனும் கடுக்காயும் விற்ற பணம் இருக்கின்றது. கம்பெனியின் விண்ணப்பத்தில், பயிற்சிக்குப் பணம் எவ்வழி வரும் என்னும் கட்டத்தை மட்டும் இருவரும் வெறுமையாக விட்டிருக்கின்றோம்.