பழைய டிராக்டர் வாங்குவோர் அறிய வேண்டுவன: நான்கு சக்கரங்களும் இழுக்கின்றனவா?

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் பாதையை ஒட்டிய செம்மங்குப்பம் முதலிய கிராமங்களில், உழவு வேலையின் பெரும்பகுதி இப்பொழுது டிராக்டராலேயே நடைபெறுகின்றது. புதிய யந்திரத்தின் கிரயம் எளிய குடியானவருக்கு எட்டாதிருப்பதால், பலர் பிறர் உபயோகித்துக் கைமாற்றும் யந்திரத்தையே நாடுகின்றனர். அங்ஙனம் வாங்குங்கால், "இது நான்கு சக்கர இழுவை உள்ளது" என்று விற்போர் கூறுவதை மாத்திரம் நம்பி முன்பணம் கொடுத்துவிடுதல் தகாது. அவ்விழுவை உள்ள யந்திரம், அதே குதிரைச் சக்தியுள்ள மற்றதைவிட அதிகக் கிரயம் பெறும். மேலும், சம்பா நடவுக்குத் தண்ணீர் கட்டிச் சேடை ஓட்டும் நாளில் யந்திரம் சேற்றில் அமிழ்ந்து நின்றுவிடுமாயின், நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை. நாற்றின் வயதும் கடந்துபோம்.

இழுவையின் தன்மை

இரு சக்கர இழுவையுள்ள டிராக்டரில் எஞ்சினின் சக்தி பின் சக்கரங்களுக்கு மட்டுமே செல்லும். முன் சக்கரங்கள் பாரத்தைத் தாங்கவும், யந்திரத்தைத் திருப்பவுமே பயன்படும். நான்கு சக்கர இழுவையுள்ளதில், கியர் பெட்டியிலிருந்து ஒரு தண்டு முன் அச்சுக்குச் சென்று முன் சக்கரங்களையும் சுழற்றும். ஆகவே யந்திரத்தின் முழு எடையும் பிடிப்பாகப் பயன்பட்டு, சறுக்கல் குறையும். வீராணம் ஏரிப் பாசனத்திலுள்ள களிமண் நன்செய்களில் இதன் அனுகூலம் நன்கு புலப்படும்.

பரிசோதிக்கும் முறை

1. முதலில் முன் டயர்களை நோக்குக. இரு சக்கர வகையில் அவை சிறியனவாயும், நீளவாட்டில் வரிகள் ஓடுவனவாயும் இருக்கும், 6.00-16 என்பது சாதாரண அளவு. நான்கு சக்கர வகையில் அவை பெரியனவாயும், பின் டயர்களைப் போலச் சாய்ந்த கட்டைகள் உடையனவாயும் இருக்கும், 8.00-18 என்பது ஓர் உதாரணம். எனினும் டயரை மாற்றிவிடலாமாதலின், இதனை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது.

2. பின்னர் குனிந்து முன் அச்சைப் பார்க்க வேண்டும். இரு சக்கர வகையில் அது நடுவில் ஊசலாடும் வெறும் இரும்புச் சட்டமேயாகும். நான்கு சக்கர வகையில் அச்சு கூடாக இருந்து, அதனுள் டிபரென்ஷியல் பற்சக்கரங்கள் அமைந்திருக்கும் இடம் புடைத்துத் தோன்றும். இரு முனைகளிலும் பற்சக்கரப் பெட்டிகளும், எண்ணெய் விடும் திருகு மூடிகளும் காணப்படும்.

3. எஞ்சினுக்கு அடியில், கியர் பெட்டியிலிருந்து முன் அச்சு வரை செல்லும் தண்டு உள்ளதா என்று பார்க்க. இதுவே முக்கியமானது. முன் அச்சின் பற்கள் உடைந்தபின், பழுது பார்க்கும் செலவுக்கு அஞ்சித் தண்டைக் கழற்றிவிடுவோரும் உண்டு. அத்தகைய யந்திரம் தோற்றத்தில் நான்கு சக்கர வகை. வேலையில் இரு சக்கர வகையே. தண்டின் மேல் தகட்டு மூடியிருப்பின், அதனைக் கழற்றிக் காட்டச் சொல்ல வேண்டும்.

4. இனிக் கைச் சோதனை. சமதரையில் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, கைப்பிரேக்கை இட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க. ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தரையை விட்டுத் தூக்கி, அச்சின் கீழ் உறுதியான மரக்கட்டையை முட்டுக் கொடுக்க. ஜாக்கியை மாத்திரம் நம்பி அடியிற் புகுதல் உயிருக்கு ஆபத்து.

இழுவை நெம்புகோல் விடுபட்ட நிலையில் தூக்கிய சக்கரத்தைக் கையால் சுழற்றினால், அது சுழல்வதோடு தண்டும் உடன் சுழல வேண்டும். தண்டு அசையாதிருப்பின் உள்ளே அச்சோ பற்சக்கரமோ சிதைந்துள்ளதெனக் கொள்க. அடுத்து நெம்புகோலை இழுவை நிலையில் வைத்து, யந்திரத்தைக் கியரில் நிறுத்துக. இப்பொழுது சக்கரம் சிறிது ஆடி நின்றுவிட வேண்டும். தங்குதடையின்றிச் சுழலுமாயின் இழுவை சேரவில்லை என்பதே பொருள். சில யந்திரங்களில் நெம்புகோல் சேருவதற்கு வண்டியைச் சிறிது நகர்த்த வேண்டியிருக்கும். அதனைச் சக்கரத்தைத் தூக்குமுன்னரே செய்துகொள்ளுதல் நலம். பொத்தானால் இயங்கும் வகைகளில் எஞ்சின் நின்றதும் இழுவை தானே சேர்ந்துகொள்வதும் உண்டாதலால், இச்சோதனை நெம்புகோல் வகைக்கே பொருந்தும்.

5. இறுதியாக ஈர நிலத்தில் கலப்பையைப் பூட்டி மெதுவாக ஓட்டச் செய்து, தாம் விலகி நின்று முன் சக்கரங்களைக் கவனிக்க. இழுவையைச் சேர்த்ததும் பின் சக்கரங்களின் சறுக்கல் குறைந்து, முன் சக்கரங்கள் மண்ணைப் பற்றி முன்னேற வேண்டும்.

எண்ணெயும் டயர் அளவும்

முன் அச்சின் எண்ணெயைச் சிறிது இறக்கிப் பார்க்க. அது பால் போல் வெளுத்திருந்தால் சேற்று நீர் புகுந்துள்ளது. இரும்புத் துகள் இருந்தால் பற்கள் தேய்கின்றன. முன், பின் டயர்கள் யந்திரத்தின் கையேட்டிற் கண்ட அளவினவா என்பதும் முக்கியம். முன் சக்கரங்கள் பின்னவற்றைவிடச் சற்றே விரைந்து செல்லுமாறு பற்கள் கணக்கிட்டு அமைக்கப்பட்டுள்ளன. அளவு மாறிய டயர் அக்கணக்கைக் குலைத்துப் பற்களை உடைக்கும். கெட்டியான சாலையில் இழுவையைச் சேர்த்து ஓட்டுவதாலும் இத்தீங்கே விளையும்.

பத்திரங்கள்

ஆர்.சி. புத்தகத்தில் கண்ட மாடலும், சேசிஸ் எண்ணும், எஞ்சின் எண்ணும் யந்திரத்தில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். வங்கிக் கடன் குறிக்கப்பட்டிருந்தால், அது தீர்ந்ததற்குப் படிவம் 35-உம், உரிமை மாற்றத்திற்குப் படிவம் 29, 30-உம் கையொப்பத்துடன் பெற்ற பின்னரே முழுத் தொகையையும் கொடுக்க.

முடிவாக ஒரு வார்த்தை. புன்செய் உழவுக்கும், பாரம் ஏற்றுவதற்கும் மாத்திரமே யந்திரம் தேவைப்படுவோர்க்கு இரு சக்கர இழுவையே பெரும்பாலும் போதும். ஆண்டில் சில நாட்களே சேடை வேலை உள்ளவர், வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடும் டிராக்டரை உழவன் செயலி வாயிலாகப் பதிந்து பெறுதல் சிக்கனமாகும். வாங்கியே தீர வேண்டுமெனின், நம்பிக்கையான மெக்கானிக் ஒருவருக்கு ஒரு நாட் கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்க. அச்சிறு செலவு, பல ஆண்டுக் கடன் சுமையினின்று குடியானவரைக் காக்கும்.