காவிரியில் குடும்பப் பரிசல் பயணம்

கேள்வி: பிள்ளைகளுடன் ஆற்றில் படகு செலுத்தி, கரையில் கூடாரமிட்டுச் சில நாள் தங்கிவர இயலுமா? (வாசகர், உத்தனப்பள்ளி)

பதில்: உங்கள் ஊருக்கு அருகே, ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி அணைக்குத் தென்பெண்ணை ஆறு பெங்களூருவின் கழிவுநீரைச் சுமந்து நுரை பொங்க வருவதால், அங்கே சிறுவர்களை நீரில் இறக்குவது அறவே தகாது. ஒகேனக்கல்லுக்கு மேலுள்ள காவிரிக் கரையோ, 2022இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயத்தைச் சேர்ந்த யானைக் காடு; முதலைகளும் உள்ள அப்பகுதியில் வனத்துறையின் அனுமதியின்றித் தங்குவது குற்றமாகும். ஆகவே ஒகேனக்கல்லில் அறையெடுத்து, பரிசலில், அதாவது மூங்கிற் சட்டத்தின்மேல் நீர்புகா உறை போர்த்திய வட்டத் தோணியில், உயிர்காப்பு உடையணிந்து பகலில் மட்டும் சென்றுவருவதே ஏற்றது. கூடாரத்தில்தான் தங்க வேண்டுமெனில், கர்நாடக அரசு நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ் காவிரிக் கரையில் நடத்தும் பீமேஸ்வரி முகாமை நாடலாம். கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளிலிருந்து மிகுதியாக நீர் திறக்கப்படும்போது மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை விதிப்பதால், தமிழக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீர்வரத்தைக் கேட்டறிந்த பின்னரே புறப்பட வேண்டும்.