பெயரைப் பிழையின்றிப் பதிவோம்
கணினித் தமிழ்: ஒரு பயிற்சிப் பாடம்

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் மூன்று பத்திரங்களுடன் எம்மிடம் வந்தார். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் 'லெட்சுமி'. மகனின் பாடசாலைப் பத்திரத்தில் 'லட்சுமி'. சேமலாப நிதிக்காக யாரோ எழுதிக் கொடுத்த கடிதத்தில் 'லக்ஷ்மி'. மூவரும் ஒருவரே என்று காட்ட அவர் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டியிருந்தது. அதற்காக இரண்டு நாள் பேரை இழந்து பதுளைக்கு வந்து போனார். அவருக்காக நாம் தட்டச்சிட்ட கடிதமும் இன்னோர் அலுவலகக் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தது. தவறு எம்முடையதே. அதிலிருந்து நாம் கற்றதை இங்கே தருகிறோம்.

1. எழுத்து ஏன் மாறுகிறது?

கணினி எழுத்தை எண்ணாகவே சேமிக்கிறது. எமது நாட்டில் பெரிதும் பழகிய பாமினி எழுத்துருவில், ஆங்கில 'ஜே'க்குரிய 106 என்ற எண்ணின் மேல் 'த' வரையப்பட்டுள்ளது. எழுத்துரு இல்லாத கணினிக்கு அது 'ஜே'தான். எனவே 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று காட்சியளிக்கும்.

யுனிகோடு முறையில் 'த'வுக்கென்றே 2980 என்ற தனி எண் உண்டு. 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இன்றைய கணினியிலும் கைபேசியிலும் அது தமிழாகவே திறக்கும்.

2. எப்படித் தட்டச்சிடுவது?

கணினியின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, தமிழ்99 விசைப்பலகையைத் தெரிவு செய்யுங்கள். இது 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்தது. ரெங்கநாதன் விசைப்பலகை பழகியவர்கள் அதையே யுனிகோடில் பயன்படுத்தலாம்.

தமிழ்99இல் உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. மெய்யை முதலில் தட்டி, உயிரைப் பின்னர் தட்ட வேண்டும். பாமினியில் கொம்பை முதலில் இட்டுப் பழகியோர் இங்கே தடுமாறுவர். சில நாளில் சரியாகிவிடும்.

லெட்சுமி: ல, எ, ட, புள்ளி, ச, உ, ம, இ.
கருப்பையா: க, ர, உ, ப, ப, ஐ, ய, ஆ. 'ப'வை இருமுறை தட்டினால் புள்ளி தானே விழும்.

வடவெழுத்துகளுக்கு ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு உயிர் விசையைத் தட்டுங்கள்: ஆ விசையில் ஸ, ஈ விசையில் ஷ, ஊ விசையில் ஜ, ஐ விசையில் ஹ, ஏ விசையில் க்ஷ.

தொழிற்சாலை வெப்பநிலைக் குறிப்புக்கு பாகைக் குறி (°) வேண்டுமா? விண்டோஸ் கணினியில் ஆல்ட் விசையை அழுத்தியபடி, வலப்பக்க எண் விசைகளில் 0176 என்று தட்டுங்கள். 0189 தட்டினால் ½ வரும்.

3. கவனிக்க வேண்டியவை

பெயரை நாமாகத் 'திருத்த'க் கூடாது. லெட்சுமியை லக்ஷ்மியாக்குவது மரியாதையன்று, அவருக்கு அலைச்சலே. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் முன்னே வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ல, ள, ழ, ன, ண, ர, ற ஆகியவற்றை விசேடமாகப் பாருங்கள். அச்சிடுமுன் உரியவருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கும் தன் பெயர் தெரியும். ஆனால் ல, ள வேறுபாடு காதுக்குத் தப்பலாம். ஆகவே பத்திரத்தையும் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

பழைய பாமினிக் கோப்புகளை எழுத்துரு மாற்றி கொண்டு யுனிகோடாக்கலாம். மாற்றியபின் ஒருமுறை முழுவதும் வாசியுங்கள்.

4. குழுவாகச் செய்ய

அ. உங்கள் லயத்தில் ஐந்து குடும்பங்களின் பத்திரங்களைப் பாருங்கள். எத்தனை பெயர்கள் வேறுபடுகின்றன?
ஆ. அப்பெயர்களைப் பத்திரத்தில் உள்ளபடியே தட்டச்சிடுங்கள்.
இ. வேறுபாடுள்ளவர் ஓய்வு பெறும் வயதை எட்டுமுன் அதைச் சீர்செய்ய யார் துணை நிற்பது? பேசி முடிவெடுங்கள்.

ஒரு புள்ளி தவறினால் உழைத்த காசு தாமதிக்கும். அந்தப் புள்ளியைச் சரியாக இடுவது எம் கையில் உள்ளது.